பச்சையம்மாவும் ஒரு ஐயோவும்

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சாம். அந்த வாய்க்குப் பின்னாடி ஒருத்தி. பேரு பச்சையம்மான்னு வெச்சுக்கோயேன். அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்ப்பா. 'ம்' சொல்லு கண்ணு, அப்பத்தான் கதை நகரும்.

"ம்."

அவ ஒரு நாய்க்குட்டி வாங்கியாந்தா. வழிதவறிப் போற வாத்துக்குஞ்சை அது மெத்துனு கவ்விட்டு வரணும். "நாயைப் பழக்குறதுல என்னை மிஞ்ச ஆளே கெடையாது"ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டா. அவ புருஷன் சொன்னாரு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு குஞ்சையாவது அது உன் கையில குடுக்கலேன்னா, குட்டியைத் திருப்பி விட்டுடுவேன்." குட்டி அவ காலடியில சுருண்டு கெடந்துச்சு. அன்னைக்கே பழக்க ஆரம்பிச்சுட்டா.

மொதல்ல செருப்பைத் தூக்கிப் போட்டா. குட்டி லபக்குனு கவ்விட்டு ஓடியாந்துச்சு. "ஐயோ, புதுச் செருப்புடா!"ன்னு கத்தினா. தொப்! சேத்துல போட்டுடுச்சு.

அப்புறம் ஒரு வாத்து முட்டை. குட்டி அதை உடையாம கவ்வி, பைய பைய நடந்து வந்துச்சு. இவளுக்குச் சந்தோஷம் தாங்கல. "ஐயோ, என் தங்கமே!" தொப்! சளக்! "அறிவு கெட்ட குட்டி"ன்னு திட்டினா. அறிவு யாருக்கு இல்லேன்னு வாத்துங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.

"ம்ம்..."

ஞாயித்துக்கிழமையும் வந்துச்சு. வாய்க்கால்ல ஒரு குஞ்சு கீச்சுகீச்சுன்னு மதகுப் பக்கமா அடிச்சுக்கிட்டுப் போகுது. உள்ள போச்சுன்னா அவ்வளவுதான். குட்டி சளப்புனு குதிச்சு, குஞ்சைக் கவ்விடுச்சு. இவ கரையில நின்னு, "ஐயோ, பத்திரம்டா!"

குட்டி வாயைத் தொறந்துடுச்சு. குஞ்சு மறுபடியும் தண்ணியில.

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. 'ஐயோ'ன்னா கீழ போட்டுடணும்னு இத்தனை நாளா பழக்கினதே அவதான்! குட்டி திரும்பவும் எட்டிக் கவ்வுச்சு. இவ முந்தானையைச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டா. கால்ல முள்ளு ஏறுச்சு. மூச்! ஒரு சத்தம் இல்ல. கண்ணுல தண்ணி கொட்டுது. குட்டி கரையேறி வந்து, ஈரக்குஞ்சை அவ கையில வெச்சுது, உசுரோட.

"பரவால்லயே, பழகிடுச்சே!"ன்னாரு பாத்துக்கிட்டிருந்த புருஷன்.

முந்தானையை எடுத்துட்டு, "பின்ன? யாரு குட்டி!"ன்னா.

"குட்டியைச் சொல்லலடி, உன் வாயைச் சொன்னேன்."

"அத்தை, அந்தப் பச்சையம்மா யாரு?"

யாரோ ஒருத்தி. குஞ்சு கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு, கண்ணை மூடு. ஐயோ, கொசுவலையை எறக்கி விடலையே!

தொப்!

"அத்தை! நம்ம நாய் மிளகு உங்க செருப்பைக் கீழ போட்டுடுச்சு!"

...பேசாம தூங்கு.