பாதியில் நின்ற நீட்டு

மலையடிவாரத்து மூங்கில் காட்டுக்குள் பஞ்சுமடு என்று ஒரு குளம் இருந்தது. அங்கே நாற்பது ஆண் தவளைகள் ஒன்றாகக் கூடிப் பாடினார்கள்.

மழை மாதங்களில் விடியற்காலையில் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வரும். வந்து குளத்தின் மேல் படுத்துக்கொள்ளும். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வெள்ளைக்குள், குளத்தைச் சுற்றி வட்டமாக, கல்லிலும் வேரிலும் இலையிலும் உட்கார்ந்து அவர்கள் பாடுவார்கள். கேட்கிறவர்களுக்கு மூட்டமே பாடுவது போல இருக்கும்.

அவர்களில் ஒருவருக்கும் பாட்டு பிழைப்பு இல்லை. ஒருவர் சேற்றில் புழு தேடுகிறவர். இன்னொருவர் வளை தோண்டுகிறவர். மூட்டம் விலகியதும் பாட்டை முடித்துக்கொண்டு, கரையடி வளைக்குள் புகுந்து, கிடைத்த ஈசலைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருப்பதாக அவர்களில் பலர் நினைத்தார்கள்.

பாட்டின் கடைசியில் ஒரு சுரத்தை நீளமாக இழுப்பார்கள். அதற்கு நீட்டு என்று பெயர். மூட்டம் கலையும்வரை நீட்டு நிற்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்கு எத்தனை தவளைகளுக்கு மூச்சு இருக்கும்? அதனால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மூச்சு தீரப்போகிறவன் தொண்டைக்குள் 'க்ளுக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கொடுப்பான். காதில் விழுந்தவன் உடனே அந்தச் சுரத்தை வாங்கிக்கொள்வான். விட்டவன் மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வான்.

"நீட்டு தரையில விழக் கூடாது. மத்ததெல்லாம் எப்படியும் போகட்டும்" என்பார் பூசணியார். பச்சை உடம்பில் வெள்ளை வரி ஓடிய அந்தப் பெரிய தவளைதான் பாட்டைத் தொடங்கி வைப்பவர்.

அந்த நாற்பது பேரில் உச்சக் குரல் தும்பையனுடையது. ஆள் கட்டைவிரல் அளவுதான். ஆனால் மூச்சு பிடித்தான் என்றால் விடமாட்டான். பாட வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் 'க்ளுக்' சொன்னதில்லை. அதில் அவனுக்குப் பெருமை. பக்கத்துக் கல்லில் உட்காரும் உரலானுக்கோ அடிக்குரல். பருத்த உடம்பு, ஒரு நீட்டுக்குப் பத்து 'க்ளுக்'. தும்பையன்தான் அந்தச் சுரத்தை வாங்கி, உரலான் மறுபடி சேரும்வரை தாங்குவான். வாங்கும்போதெல்லாம் மனசுக்குள் கொஞ்சம் அலுத்துக்கொள்வான்.

ஒரு நாள் பாட்டு முடிந்து போகும்போது, கரையில் கேட்டுக்கொண்டிருந்த ஆம்பலக்கா என்ற பெண் தவளை எதிரே வந்தாள்.

"இன்னைக்குப் பாட்டு நல்லாருந்துச்சு தம்பி. கண்ண மூடினேன், எங்கேயோ மெதந்து போற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

தும்பையனுக்குத் தொண்டைப் பை உப்பியது. "என் குரலு எப்படி இருந்துச்சுக்கா?"

"உன் குரலா? அதுல உன்னோடது எதுப்பா?"

ஆம்பலக்கா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் தும்பையனைச் சுட்டது. வழியெல்லாம், "இத்தனை நாளாத் தொண்டை கிழியப் பாடுறேன். நான் பாடுறது எனக்கே கேக்க மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டே போனான்.

அந்தப் புலம்பலை எட்டாத தூரத்து நாணல் புதருக்குள்ளிருந்து ஒரு வக்கா கேட்டது. வக்கா கொக்கு இனத்தைச் சேர்ந்த பறவை. கழுத்து குட்டை, கண் சிவப்பு, பொறுமை அதிகம். மழைக்காலம் முழுக்க அந்த வக்கா பஞ்சுமடுவில் பட்டினி கிடந்தது. மூட்டத்தில் கண் தெரியாது. காதை நம்பலாம் என்றால் நாற்பது குரலும் நாலா பக்கமிருந்தும் ஒன்றாக வந்து மோதும். எந்தப் பக்கம் அலகை நீட்டுவது? மூட்டம் விலகினாலோ ஒரு தவளையும் கண்ணில் படாது.

மறுநாள் விடியலில் தும்பையன் வக்காவின் கால் எட்டாத ஆழத் தண்ணீரில் நீந்திப் பாடப் போகும் வழியில், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அந்த உச்சக் குரலு உங்களோடதுதானே?"

தும்பையன் நின்றுவிட்டான். "நீங்க யாரு?"

"மேக்குக் கரைக்காரன். பாட்டுன்னா உசிரு. தொண்டைல சளி, அதான் கரகரன்னு பேசுறேன். தெனமும் கேக்குறேன் தம்பி. தேன் மாதிரி ஒரு குரலு, அத இந்தக் கூட்டம் சேத்துல போட்டு மிதிக்குதே. அந்த அடிக்குரல்காரர் ஒருத்தர் இருக்காரே, அவரு பாடுறாரா, ஏப்பம் விடுறாரா?"

தும்பையனுக்குச் சிரிப்பு வந்தது. உரலானை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டான்.

"மேக்குப் பக்கம் தண்ணி வடிஞ்ச இடத்துல ஒரு தட்டப்பாறை இருக்குல்ல? அதுல ஒக்காந்து தனியாப் பாடிப் பாருங்க. குரலு அப்படியே காடு முழுக்கப் போகும். நாளைக்குக் காலைல நானே வந்து கேக்குறேன்" என்றது வக்கா. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தும்பையன் நேரே கூட்டத்துக்குப் போனான். "நாளைலேருந்து நான் வரல" என்றான்.

"ஒடம்புக்கு என்ன மாப்ளே?" என்று கேட்டான் உரலான்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தனியாப் பாடப் போறேன். உங்க எரச்சல்ல என் குரலு எனக்கே கேக்கல. அதுலயும் உங்க பக்கத்துல ஒக்காந்து உங்க மூச்சையும் நானே தூக்கிச் சுமக்கணும். எனக்கு என்ன தலையெழுத்தா?"

உரலான் பெரிய கண்களை மூடிக்கொண்டான். தவளைக்கு அழுகை வந்தால் அப்படித்தான் மூடும்.

"போறவன் போகட்டும். அவன் எடம் அப்படியே இருக்கட்டும், யாரும் ஒக்கார வேணாம்" என்றார் பூசணியார். அவருக்கும் கோபம்தான். ஆனால் பாட்டு நேரம் நெருங்கிவிட்டது.

மறுநாள் மூட்டம் வழக்கத்தைவிட அடர்த்தியாக இறங்கியது. தும்பையன் தட்டைப்பாறைக்குத் தத்திப் போனான். சுற்றிலும் விரல்கடை ஆழத்தில் தெளிந்த தண்ணீர். அடியில் வெறும் மணல். ஒரு பாசி இல்லை, ஒரு புல் இல்லை. மற்றவர்கள் இன்னும் தொடங்கவில்லை. பாறை மேல் ஏறி உட்கார்ந்து, தொண்டைப் பையை உப்பிக்கொண்டு பாடத் தொடங்கினான்.

வக்கா சொன்னது சரிதான். குரல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போய், மூங்கிலில் பட்டு, மெல்லத் திரும்பி வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த வெள்ளையில் தன் குரல் மட்டும் மிதப்பதைத் தும்பையன் முதல்முறையாகக் கேட்டான். அவனுக்கு உடம்பே இல்லாதது போலவும், தான் வெறும் குரலாகவே இருப்பது போலவும் தோன்றியது. இவ்வளவு அழகா என்று மலைத்துப் போனான். உண்மையில் அழகாகத்தான் பாடினான், அதை மறைப்பதற்கில்லை.

பாட்டு முடிந்து நீட்டுக்கு வந்தான். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

சளப்.

தும்பையன் சட்டென்று நிறுத்தினான். அந்தச் சத்தமும் நின்றது. இலை ஏதாவது விழுந்திருக்கும் என்று நினைத்து மறுபடி இழுத்தான்.

சளப். சளப்.

நிறுத்தினான். சத்தமும் நின்றது. இப்போது இன்னும் பக்கத்தில்.

தான் பாடினால் அது நடக்கிறது, தான் நின்றால் அது நிற்கிறது என்று தும்பையனுக்குப் புரிந்துபோனது. நீளமான கால் உள்ள ஏதோ ஒன்று தன் பாட்டைப் பிடித்துக்கொண்டே வருகிறது. மேற்குக் கரைக்காரரின் கரகர குரலும் அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

வாயை மூடிக்கொண்டு உட்காரலாமா? மூட்டம் இன்னும் கொஞ்சத்தில் கலைந்துவிடும். கலைந்தால் வெறும் பாறையில் பச்சையாக உட்கார்ந்திருக்கும் அவனைக் குருடன்கூடப் பார்த்துவிடுவான். குதிக்கலாமா? விரல்கடைத் தண்ணீரில் குதித்தால் சத்தம்தான் வரும், மறைய இடம் வராது. ஆழத்துக்குப் போக இருபது முழமாவது இருக்கிறது. உரலானின் கல்லும், பக்கத்தில் காலியாகக் கிடக்கும் தன் வேரும் அதற்கும் அந்தப் பக்கம்.

'நேத்து அப்படிப் பேசிட்டு வந்தேனே. இனிமே யாரு எனக்கு?' என்று நினைத்தான். பயத்தில் தொண்டை வறண்டு, எச்சில் விழுங்கினான்.

க்ளுக்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அதுவாக வந்துவிட்டது. அவன் வாழ்நாளில் கொடுத்த முதல் 'க்ளுக்' அதுதான். வக்கா அந்தச் சத்தம் வந்த பக்கம் கழுத்தை நீட்டியது.

அந்த நொடியில், தூரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பயங்கரமான குரல் எழுந்தது. அடிக்குரல் ஒன்று தன்னால் ஆகாத உச்சத்தில் ஏறி, நொண்டி, பிசிறடித்து, தும்பையன் விட்ட இடத்திலிருந்து நீட்டைப் பிடித்தது. உரலான்!

அவன் ஒரு மூச்சுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 'க்ளுக்' என்றான். உடனே வடகரையிலிருந்து இன்னொரு குரல் வாங்கியது. பிறகு தென்கரையிலிருந்து ஒன்று. பிறகு பூசணியார். பிறகு எண்ண முடியவில்லை. முப்பத்தொன்பது பேரும் தும்பையனின் சுரத்தையே பாடினார்கள். அவன் குரல் குளத்தைச் சுற்றி, மூங்கிலுக்குள், தலைக்கு மேல், தண்ணீருக்கு அடியில் எங்கும் நிறைந்தது. பஞ்சுமடு முழுவதும் தும்பையனாக இருந்தது.

வக்கா இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது. எங்கே குத்தினாலும் அங்கே பாட்டுதான் இருந்தது, தவளை இல்லை.

தும்பையன் குதிக்கவில்லை. பாறையிலிருந்து மெல்ல இறங்கி, மணலில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். வக்காவின் மஞ்சள் கால் ஒன்று அவனுக்கு அரை முழத்தில் தூண் மாதிரி நின்றது. அதைத் தாண்டி ஊர்ந்தான். சுற்றிலும் தன் குரல் தாலாட்டுவது போல இழைந்துகொண்டே இருந்தது. கனவில் நடக்கிறோமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது. நாற்பது பேரில் தன் குரல் எது என்று இத்தனை நாள் தேடியவன், அன்று அது எல்லார் தொண்டையிலும் ஒலிப்பதைக் கேட்டு அழுதான்.

ஆழம் வந்ததும் முங்கினான். உரலானின் கல்லுக்குப் பக்கத்தில் தலை தூக்கி, தன் வேரில் ஏறி உட்கார்ந்தான். சற்று நேரத்தில் மூட்டம் கலைந்தது. தட்டைப்பாறை மேல் வக்கா மட்டும் நனைந்த துணி போல நின்றது. நாற்பது பேரும் சத்தமில்லாமல் கரையடி வளைக்குள் புகுந்துகொண்டார்கள்.

உள்ளே போனதும் பூசணியார் கேட்டார்: "அந்த வக்கா ஒன்னத் தொரத்துச்சா?"

"ஆமாண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சுதானே எல்லாரும் பாடினீங்க?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்களுக்கு என்ன தெரியும்? நீ தனியாப் பாடுறத வாயப் பொத்திக் கேட்டுக்கிட்டு இருந்தோம். நல்லாத்தான் பாடினே. பாதில நின்னுச்சு. 'க்ளுக்'னு ஒரு சத்தம். வாங்காம எப்படி இருக்கறது?" என்றார் பூசணியார்.

தும்பையன் உரலானைப் பார்த்தான். உரலான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மொதல்ல வாங்கினது நீங்கதானே? என் மேல உங்களுக்குக் கோவமில்லையா?"

"கோவம் இருக்கு. இப்பவும் இருக்கு. எரச்சல்னு சொல்லிட்டே" என்றான் உரலான். "ஆனா நீட்டு விழுந்துட்டிருந்துச்சு. அந்த நேரத்துல கோவத்தப் பாக்க முடியுமா?"

தும்பையன் நகர்ந்து நகர்ந்து போய், அவனுடைய பருத்த விலாவில் சாய்ந்துகொண்டான்.

"நீங்க அந்த உச்சத்துல பாடினீங்களே, அது மாதிரி மோசமான பாட்ட என் ஆயுசுல நான் கேட்டதில்லண்ணே. இன்னொரு தடவ பாடுங்க" என்றான்.

வளை அதிர எல்லாரும் சிரித்தார்கள். உரலான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அந்தப் பயங்கரமான சுரத்தை மறுபடி எடுத்தான். பாதியில் மூச்சு முட்டியது. தும்பையன் வாங்கிக்கொண்டான்.

தனியாகப் பாடுகிறவனுக்குத் தன் குரல் காதாரக் கேட்கலாம், ஆனால் மூச்சு முட்டுகிற நேரத்தில் அவனைக் காப்பாற்றுவது கூடப் பாடுகிறவர்களின் குரல்தான்.