மன்னர் விட்ட ஏப்பம்

வெண்ணிக்கோட்டையை ஆண்ட திருமேனிப் பூபதி நல்லவர்தான். உடம்புதான் கொஞ்சம் அதிகம். ஆறு பேர் தூக்கிய பல்லக்கை இப்போது பத்துப் பேர் தூக்கினார்கள். மன்னர் வருவதைப் பார்த்தாலே பத்துப் பேரும் தோளைத் தடவிக்கொள்வார்கள். போன பங்குனித் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர், முதல் வீதி முனையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவரோடு தேரும் நின்றது. ஊர்ச் சனம் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அது மனசில் கிடந்து உறுத்த, கார்த்திகை மாதம் மாசிலாமணி வைத்தியரை அழைத்தார். வைத்தியர் நாடி பிடித்தார், வீங்கிய காலை அமுக்கிப் பார்த்தார். மருந்து எதுவும் தரவில்லை, பத்தியம்தான் சொன்னார். சோறு, வெல்லம், கிழங்கு, பலகாரம் எதுவும் கூடாது. கீரை, நெய்யில் வதக்கிய காய், பயறு, கட்டித் தயிர் எல்லாம் வயிறாரச் சாப்பிடலாம். மன்னரும் சம்மதித்தார். வருகிற தேருக்கு நாலு வீதியும் நடப்பதாகச் சபையில் சபதமே போட்டார்.

தை மாதம் வந்துவிட்டது. அரண்மனையில் மன்னருக்கென்று அரிசிப் பானை அடுப்பேறி இரண்டு மாதம் ஆயிற்று. ஆனாலும் அவருடைய அரைக்கச்சை இரண்டு விரற்கடை கூடித்தான் இருந்தது.

காரணம் ஓலை எழுதும் கொழுந்தப்பனுக்குத் தெரியும். மன்னர் போகுமிடமெல்லாம் எழுத்தாணியோடு போகிறவர் அவர். பத்தியம் சொன்ன மறுநாளே மன்னருக்குப் பக்தி முற்றிவிட்டது. திருவிழாவுக்கு மட்டும் கோயில் பக்கம் தலைகாட்டியவர், தினமும் காலையில் ஐந்து கோயிலுக்குப் போனார். பிள்ளையாரிடம் கொழுக்கட்டை, அம்மனிடம் சர்க்கரைப் பொங்கல், முருகனிடம் பஞ்சாமிர்தம், சிவனிடம் வெண்பொங்கல், கடைசியாகப் பெருமாளிடம் புளியோதரையும் அக்காரவடிசிலும். பிரசாதத்தை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? மன்னர் ஒருநாளும் சொன்னதில்லை, இரண்டாம் முறை கேட்கவும் கூச்சப்பட்டதில்லை.

ஒருநாள் சபையில் மன்னர் வைத்தியர் மேல் பாய்ந்தார். பத்தியமும் பலிக்கவில்லை, வைத்தியமும் பொய் என்றார். வைத்தியர் பாவம், பொறுத்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொல்லிவிட்டார்.

"பிரசாதமும் சோறுதானே, மகாராஜா?"

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. தெய்வத்தின் பிரசாதத்தைச் சோறு என்று பழித்தவனுக்கு என் நாட்டில் இடமில்லை, இன்றே எல்லையைத் தாண்டு என்றார்.

கொழுந்தப்பன் எழுத்தாணியைக் கீழே வைத்தார். அவருடைய மகள் காமாலையில் கிடந்தபோது ஒன்பது நாள் பக்கத்திலேயே இருந்து பிழைக்க வைத்தவர் அந்த வைத்தியர். அவரைக் கைவிட மனம் வரவில்லை. எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா சொன்னது சரி. ஆனால் இதற்கென்று நம்மிடம் சட்டம் இல்லையே. முதலில் ஒரு ஆணை எழுதிவிடலாம். நாடு கடத்தினால் வைத்தியருக்கு என்ன நஷ்டம்? பக்கத்து நாட்டில் விருந்து வைப்பார்கள். பிரசாதத்தைச் சோறு என்கிறவன், வைத்தியர் தங்களுக்குக் கொடுத்த அதே பத்தியத்தில் ஒரு மண்டலம் இருக்க வேண்டும் என்று போட்டால் என்ன?"

வைத்தியர் கீரையைப் பார்த்து விழிப்பதை நினைத்ததுமே மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொந்தி குலுங்கச் சிரித்தார். எழுது என்றார்.

கொழுந்தப்பன் எழுதி உரக்கப் படித்தார். பிரசாதம் உணவல்ல. அதை உணவென்று வாயினால் எவ்விதத்தில் தெரிவித்தாலும், அரசன் முதல் ஆண்டி வரை எவராயினும், நாற்பத்தெட்டு நாள் பத்தியம்; அதுவரை பிரசாதமும் ஒரு பருக்கைக்கு மேல் கிடையாது. மன்னர் சந்தோஷமாக முத்திரை வைத்தார். ஆணைக்கு முன்னால் பேசிய பேச்சு ஆணைக்குள் வராது என்பதால் வைத்தியர் அன்றைக்குத் தப்பினார். அடுத்த முறை வாயைத் திறக்கட்டும் என்று மன்னர் காத்திருந்தார்.

மறுநாள் காலை ஐந்தாவது கோயிலில், அக்காரவடிசில் இலையை வழித்துவிட்டு மன்னர் தூணில் சாய்ந்தார். கொழுந்தப்பன் பணிவாகக் கிட்டே வந்தார்.

"அரண்மனையில் காலை உணவு காத்திருக்கிறது, மகாராஜா. முருங்கைக்கீரையும் தயிரும்."

"அதெல்லாம் வேண்டாம், கொழுந்தப்பா. வயிறு நிறைந்துவிட்டது."

"எதனால் நிறைந்தது, மகாராஜா?"

மன்னர் வாயைத் திறந்தார். பிரசாதத்தால் என்றால் அது உணவாகிவிடும். இல்லை என்றால் எழுந்து போய்க் கீரை சாப்பிட வேண்டும். என்ன சொல்வது என்று யோசித்தபடியே இருந்தவரின் திறந்த வாயிலிருந்து, மண்டபம் அதிர ஒரு ஏப்பம் வந்தது.

கொழுந்தப்பன் எழுத்தாணியை எடுத்தார்.

"வாயினால் எவ்விதத்தில் தெரிவித்தாலும் என்பது மகாராஜாவின் ஆணை. தேதி போட்டுக்கொள்ளட்டுமா?"

பட்டர் வாயைப் பொத்திக்கொண்டு கருவறைக்குள் ஓடினார். மன்னர் கொழுந்தப்பனை முறைத்தார், முத்திரை மோதிரத்தைப் பார்த்தார், கடைசியில் தலையைத் தொங்கப் போட்டார். சொன்ன சொல் மாறாதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அக்காரவடிசிலுக்காக அந்தப் பெயரை இழக்க அவருக்கு மனமில்லை.

முதல் வாரம் தலைவலி, எல்லோர் மேலும் எரிச்சல். இரண்டாம் வாரம் தூக்கம் நன்றாக வந்தது. அப்புறம் கால் வீக்கம் வடிந்தது. கோயிலுக்கும் போனார், ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு திரும்பினார். பங்குனித் தேருக்கு நாலு வீதியும் நடந்தார். பல்லக்குத் தூக்கிகள் கண்ணில் நீர் வர வைத்தியரைக் கும்பிட்டார்கள். மன்னர் வைத்தியரிடம் மன்னிப்புக் கேட்டுப் பொன்னாடை போர்த்தினார்.

கொழுந்தப்பனுக்கு மட்டும் வேறு பரிசு. பெருமாள் கோயிலிலிருந்து ஒரு பெரிய வெண்கலப் பானை நிறைய அக்காரவடிசில் வந்தது. மன்னரே எதிரில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாகப் பரிமாறி, ஒரு வாய் விடாமல் சாப்பிட வைத்தார். பானை காலியானது. கொழுந்தப்பனுக்கு நிமிர முடியவில்லை, கண் செருகிற்று. மன்னர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"எப்படி இருக்கிறது, கொழுந்தப்பா?"

கொழுந்தப்பன் பல்லைக் கடித்து, வந்த ஏப்பத்தை உள்ளேயே அடக்கிக்கொண்டு, கைகூப்பினார்.

"பசி காதை அடைக்கிறது, மகாராஜா. வீட்டுக்குப் போய்த்தான் ஏதாவது சாப்பிட வேண்டும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் அரைக்கச்சை நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.