முள்ளெலியைச் சுமந்த கூழைக்கடா

ஒரு காட்டில் ஏரி ஒன்று இருந்தது. சாதாரண ஏரி இல்லை குழந்தைகளே, காட்டையே இரண்டு துண்டாக்கிப் போட்ட ஏரி. இந்தக் கரையில் மருத மரங்கள், அந்தக் கரையில் ஒரு கரட்டுக் குன்று. கரையைச் சுற்றி நடந்து போனால், போய்ச் சேர்வதற்குள் போன காரியமே மறந்துவிடும். அதனால் இறக்கை இல்லாதவர்களை இறக்கை உள்ளவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு நல்ல சுள்ளி கூலி. பறவைகள் கூடு கட்ட வேண்டுமல்லவா?

இந்தத் தொழிலை முதலில் தொடங்கியவை கூழைக்கடாக்கள்தான். அலகுக்குக் கீழே தொங்கும் பெரிய பையில் பயணியை உட்காரவைத்து, வாயை மூடிக்கொண்டு பறக்கும். ஒரு காலத்தில் அவற்றுக்குக் கரை கொள்ளாத கூட்டம்.

பிறகு நாரைகள் வந்தன, கோரைப் புல்லில் பின்னிய கூடையோடு. சூரியன் எட்டிப் பார்த்ததும் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. அதற்கும் பிறகு செம்பருந்து வந்தது. அது நகத்தால் பிடித்துத் தூக்கினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரை. இறங்கியதும் ஒரு நாவற்பழம் வேறு. அடிக்கடி வருகிறவர்களுக்கு இரண்டு பழம். பயணிகளைத் தின்பதில்லை என்று செம்பருந்து சத்தியம் செய்து கொடுத்திருந்தது. இதுவரை அதைக் காப்பாற்றியும் வந்தது.

கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாக வேறு ஏரிக்குப் பறந்துபோயின. மிஞ்சியது பெரியநாச்சி என்ற கூழைக்கடாவும் அதன் வீட்டுக்காரரும் மட்டும்.

இந்தக் கரையில் சுருளியாண்டி என்ற முள்ளெலி இருந்தது. உடம்பெல்லாம் முள், வாயெல்லாம் குறை. அதன் ஒரே மகள் சின்னமணியை அக்கரைக் குன்றில் கட்டிக் கொடுத்திருந்ததால் அடிக்கடி ஏரியைத் தாண்டவேண்டியிருந்தது. சின்னமணியைப் பெற்ற அன்றே அதன் தாய் இறந்துபோனாள். இப்போது சின்னமணியே பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு உள்ளூர ஒரே பயம். "எனக்கு வலி எடுக்கிறப்ப நீங்க பக்கத்துல இருக்கணும்ப்பா" என்று கேட்டு, அப்பாவிடம் வாக்கும் வாங்கியிருந்தது.

சரி, மருத மரத்தடிக்கு வருவோம். அடிக்கடி பறக்கிறவர்கள் கூடிப் பேசும் இடம் அது. எந்தப் பறவை ஒழுங்கு, எது மோசம் என்று அலசி ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லாமல் அங்கிருந்து யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

செம்பருந்தின் வேகத்தைப் பற்றிச் சொல்லி அணிலுக்கு மாளாது. கூழைக்கடாவின் பையில் மீன் கவிச்சி தாங்க முடியவில்லை என்று உடும்பு மூக்கைச் சுளிக்கும். ஆனால் பெரியநாச்சியைப் பிய்த்து எடுப்பதில் சுருளியாண்டியை மிஞ்ச ஆள் இல்லை.

"பயணி கரையில காத்துக்கிட்டு நிக்கிறான். அந்த அம்மா என்னடான்னா தண்ணிக்குள்ள முங்கி முங்கி விளையாடுது. அப்புறம் வாய் நிறைய ஏரிப் பாசியை அள்ளிக்கிட்டு வந்து, அந்த ஈரத்து மேலேயே நம்மளை உட்காரச் சொல்லுது. சரி, பறக்கவாவது செய்யுதா? தண்ணியைத் தொட்டும் தொடாம, ஆமை நடக்கிற மாதிரி போகுது. மக வீட்டுக்குப் போய் இறங்கினா உடம்பெல்லாம் நனைஞ்சு, நான் பிறந்த குழந்தை மாதிரி நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சுருளியாண்டிக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், நாரையின் கூடையிலோ செம்பருந்தின் நகத்திலோ அது ஒருநாளும் போனதில்லை. எல்லாம் அணில் சொல்லக் கேட்டதுதான்.

கடைசியில், இனி கூழைக்கடாவின் பக்கமே போவதில்லை என்று எல்லோருமாக முடிவு செய்தார்கள். பெரியநாச்சிக்குச் சுள்ளி வரத்து நின்றது. முட்டையிடும் காலம் நெருங்கியும் கூடு பாதியிலேயே நின்றது. பாவம், அதுவும் வீட்டுக்காரரும் வேறு ஏரி தேடிப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் பிற்பகல் அக்கரையிலிருந்து ஒரு கரிச்சான் குருவி வேகமாகப் பறந்து வந்தது. சின்னமணிக்கு நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டதாம். அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

சுருளியாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு செம்பருந்திடம் ஓடியது.

செம்பருந்து அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேசாமல் தூக்கிக்கொண்டு எழும்பியது. மருத மரத்தின் உச்சி காலுக்கடியில் போனதுதான் தாமதம், சுருளியாண்டிக்கு ஈரக்குலை நடுங்கியது. பயம் வந்தால் முள்ளெலி என்ன செய்யும்? சுருண்டு பந்தாகும். அத்தனை முள்ளும் விறைத்துக்கொண்டு நிற்கும். செம்பருந்து ஒரு கத்துக் கத்தி நகத்தை விரித்துவிட்டது. நல்லவேளை, சுருளியாண்டி விழுந்தது கரையோரத்துச் சேற்றில்.

"முள்ளைப் பிடுங்கிப் போட்டுட்டு வா, ஏத்திக்கிட்டுப் போறேன்" என்று மேலிருந்து சொல்லிவிட்டுச் செம்பருந்து போயேபோய்விட்டது.

சேறும் சகதியுமாக அது நாரைகளிடம் போய் நின்றது. காலையில் போன கூடை திரும்பி வந்து காலியாகத்தான் இருந்தது. சுருளியாண்டி கெஞ்சியது, மகளின் நிலைமையைச் சொல்லி அழுதும் பார்த்தது. கூடை கிழிந்தால் யார் பின்னித் தருவார்கள் என்று கேட்டது தலைமை நாரை. "முள்ளு உள்ளவங்களை ஏத்துறதில்லை. எங்க விதி அப்படி. உங்க மேல கோபமெல்லாம் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். எந்த முகத்தோடு போவது? மருத மரத்தடியில் பேசியதெல்லாம் அங்கே போய்ச் சேராமலா இருக்கும்? ஆனாலும் மகளை நினைத்துக்கொண்டு போனது.

பெரியநாச்சியும் வீட்டுக்காரரும் கிளம்பத் தயாராக நின்றார்கள். மழை பிடிப்பதற்குள் வேறு ஏரிக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சுருளியாண்டி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியநாச்சி தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, பாசி எடுத்துட்டு வந்துடுறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேணாம் தாயி. நேரமில்லை. பாசி எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது" என்றது சுருளியாண்டி.

பெரியநாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. பிறகு, "சரி, ஏறுங்க" என்று அலகைத் திறந்துவிட்டது.

ஏரியின் நடுவே போகும்போது இடி இடித்தது. முதல் இடிக்கே சுருளியாண்டி சுருண்டு பந்தாகிவிட்டது. பறவைக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அலகு திறக்கவில்லை. இறக்கை நிற்கவும் இல்லை.

உடம்பில் ஈரம் பட்டது. பாசி வேண்டாம் என்று சொல்லியும் ஈரமா என்று சுருளியாண்டிக்கு எரிச்சல் வந்தது. பிறகுதான் அந்த ஈரம் வெதுவெதுவென்று இருப்பதை உணர்ந்தது. அந்த நேரம் பார்த்து மின்னல் வெட்டியது. கூழைக்கடாவின் பைத்தோல் மெல்லியது. வெளிச்சம் உள்ளே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் சுருளியாண்டி தன் முட்களைப் பார்த்தது. எல்லாம் அந்தத் தோலில் குத்தி நின்றன. குத்திய இடமெல்லாம் ரத்தம். பக்கத்திலேயே ஆறிப்போன பழைய வடுக்கள், எள்ளை இறைத்ததுபோல.

பாசி எதற்கென்று அதற்கு இப்போது புரிந்துவிட்டது. தண்ணீரை ஒட்டி மெதுவாகப் பறந்தது எதற்கென்றும் புரிந்தது. உயரத்தைக் கண்டால் சுருளியாண்டி பயப்படும். பயந்தால் முள் விறைக்கும். இத்தனை நாளும் அது சொல்லித் திரிந்த குறையெல்லாம் அதன் முள்ளால் வந்தவை.

வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. இப்போது என்ன செய்வது? சுருண்டிருக்கும்வரை முள் குத்தும். முள்ளை மடக்க வேண்டுமென்றால் உடம்பை நீட்டிப் படுக்க வேண்டும். இடி இடிக்கும்போது உடம்பை நீட்டிப் படுத்த முள்ளெலி இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை, குழந்தைகளே. அதன் உடம்பு கேட்காது. அவர்கள் குலத்துக்கே உள்ள வழக்கம் அது.

சுருளியாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டது. முதலில் மூக்கை வெளியே எடுத்தது. பிறகு முன்னங்கால்களை நீட்டியது. அடுத்த இடிக்கு மறுபடி சுருண்டது, மறுபடி நீட்டியது. கடைசியில் மெத்தென்ற வயிறு பைத்தோலில் படிய, நான்கு காலையும் பரப்பிக்கொண்டு, முள்ளையெல்லாம் முதுகோடு ஒட்ட மடக்கி, நடுங்கிக்கொண்டே கிடந்தது. இடி இடித்துக்கொண்டுதான் இருந்தது. அது அசையவில்லை.

பெரியநாச்சியின் இறக்கை வீச்சு மெல்ல மெல்லச் சீரானது.

குன்றின் அடியில் இறங்கியதும் பெரியநாச்சி அலகைத் திறந்தது. மகளின் வளை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் சுருளியாண்டி குதித்து ஓடியிருக்கும். இன்று நின்றது.

"ஏன் தாயி, என் முள்ளு குத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானும் ஊரெல்லாம் உன்னைப் பத்தி என்னென்னவோ பேசிட்டேனே."

பெரியநாச்சி மழைத் தண்ணீரில் பையை நனைத்துக்கொண்டே சொன்னது: "எப்பண்ணே சொல்றது? ஏறுறப்ப உங்களுக்கு மகளைப் பாக்கிற அவசரம். ஏத்தினதுக்கப்புறம் நான் வாய் திறக்க முடியாது. இறக்கினதுக்கப்புறம் நீங்க நிக்கிறதில்லை."

சுருளியாண்டி எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறது; நன்றி என்று ஒருதடவைகூடச் சொன்னதில்லை. இப்போது சொன்னது. மனசு நிறைந்து சொன்னது. அதைக் கேட்டுப் பெரியநாச்சிக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "முதல்ல மகளைப் போய்ப் பாருங்கண்ணே" என்று விரட்டியது.

வளைக்குள் சின்னமணி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. அப்பாவின் வாசனை வந்ததும் அதற்குப் பாதி பயம் போய்விட்டது. இருட்டுவதற்கு முன் நான்கு குட்டிகள் பிறந்தன. தாயும் சுகம், பிள்ளைகளும் சுகம். சுருளியாண்டி ஒவ்வொரு குட்டியாக முகர்ந்து முகர்ந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பையில் பட்ட காயத்தோடு பெரியநாச்சியால் தூரதேசம் போக முடியவில்லை. அது ஆறும்வரை வீட்டுக்காரரோடு குன்றடியில் தங்கியது. சுருளியாண்டியும் மருமகனும் குன்றெல்லாம் அலைந்து சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். கூலி இல்லை, சும்மாதான். காயம் ஆறுவதற்குள் அங்கேயே ஒரு மரத்தில் கூடு எழும்பிவிட்டது. முட்டை வைத்த பிறகு எந்தக் கூழைக்கடா ஊரை விட்டுப் போகும்?

சுருளியாண்டி ஊர் திரும்பியதும் மருத மரத்தடியில் அணில் ஓடி வந்தது. "செம்பருந்துல போனீங்களாமே அண்ணே. மூணுல எது உசத்தி, சொல்லுங்க."

சுருளியாண்டி நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னது. தன்னைப் பற்றியும் மறைக்காமல் சொன்னது. "மூணையும் எடை போட்டோம். நாம எப்படிப்பட்ட பயணின்னு யாரும் எடை போட்டுப் பாக்கலை. இறங்கினதும் ஓடாம, நின்னு கேட்டுப் பாருங்க" என்றது.

உடும்புக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒருநாள் பெரியநாச்சியோடு அக்கரை போய் இறங்கியபோது, சும்மா கேட்டு வைப்போமே என்று, "என்னால உனக்கு ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?" என்று கேட்டது.

பெரியநாச்சி தயங்கியது. "ஒண்ணுமில்லைங்க மாமா. உங்க வாலு வெளியே தொங்கி, வழியெல்லாம் என் இறக்கையில அடிக்குது. அதைக் கொஞ்சம் சுருட்டி வச்சுக்கிட்டா நல்லாயிருக்கும். அப்புறம், நீங்க சாப்பிட்டுட்டு வர்ற அழுகின முட்டை வாடை மட்டும்…"

உடும்பு தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. அன்று முழுவதும் அது மீன் கவிச்சியைப் பற்றிப் பேசவே இல்லை.

நீதி: நம்மைச் சுமப்பவரிடம் குறை காணும் முன், நம்முடைய சுமை அவருக்கு எப்படி இருக்கிறது என்று நின்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.