பதினேழு நிமிஷ இட்லி

நூறு யூனிக்ஸ் கணினிக் கட்டளைகளை ஒரே சின்னக் கோப்பில் அடக்கிய 'சிமிழ்' என்ற மென்பொருள், கோவில்பட்டி செண்பகவல்லி எழுதிப் பராமரிப்பது. யாரும் இலவசமாக எடுக்கலாம். அவள் பெயரை மட்டும் மறைக்கக் கூடாது.

கண்காட்சி மேடையில் வைஃபை கம்பெனி முதலாளி ஒருவர், "இந்தப் பெட்டியில ஒவ்வொரு புரோகிராம் வரியும் எங்க முந்நூறு இன்ஜினியர் எழுதினது" என்று மார்தட்டினார்.

"உள்ள இருக்கிறது என் சிமிழ்" என்றாள் கூட்டத்தில் நின்ற செண்பகவல்லி.

"பெட்டியைத் திறக்காம நிரூபிம்மா. இல்லேன்னா இங்கேயே மன்னிப்புக் கேளு."

"காத்திருக்கச் சொல்ற 'ஸ்லீப்' கட்டளைக்கு உதவிக் குறிப்பு கேட்டுப் பாருங்க சார்."

அவர் தட்டியதும் திரையில் வந்தது: 'உதாரணம்: இட்லி வேக 1020 விநாடி.'

"பத்து நிமிஷத்துல வேகிற இட்லிக்குப் பதினேழு நிமிஷம்! எங்க வீட்டு இட்லிச்சட்டிக்கு மூடி நசுங்கிப்போச்சு, ஆவி நிக்காது. உங்க முந்நூறு பேர் வீட்டுலயும் அப்படித்தானா சார்?"

அடுத்து வந்த பெட்டிகளின் அட்டையிலேயே 'உள்ளே: செண்பகவல்லியின் சிமிழ்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த இட்லிச்சட்டி மூடியை அவள் இன்னும் மாற்றவில்லை.