எருமை சாட்சி சொன்ன பாட்டு

முன்னொரு காலத்தில் குன்றையூர்ச் சீமையைப் பூதலராயர் என்று ஒரு ராஜா ஆண்டார். அவரைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடினால் போதும், மனிதருக்குச் சோறே வேண்டாம்!

அந்த ஊரில் மாடத்தி என்றொரு பால்காரி. சொத்து என்று அவளுக்கு இருந்தது சுட்டி என்கிற ஒரே எருமை. அதுவும் சரியான ராங்கிக்காரி. மாடத்தி தானே கட்டிய பாட்டைப் பாடினால்தான் பால் சுரக்கும்.

"கருமேகம் போல வாராய்,
அசைந்தசைந்து வாராய்,
அள்ளி அள்ளித் தாராய், என் சுட்டியம்மா!"

ஆஸ்தானகவி சந்தக்களிறு ஒருநாள் அந்தத் தெருவழியே பல்லக்கில் போனார். பாட்டு காதில் விழுந்தது. மறுநாள் சபையில் 'சுட்டியம்மா' இருந்த இடத்தில் 'பூதலராயா' வந்து உட்கார்ந்துகொண்டது! ராஜா சொக்கிப்போனார். "இது அரண்மனைப் பாட்டு. வேறு எவர் பாடினாலும் கசையடி" என்று அன்றே தண்டோரா போட்டுவிட்டார்.

மாடத்தி பாடவில்லை. சுட்டி பால் விடவில்லை. நாலு நாளாய் அடுப்பு எரியவில்லை. மடியில் பால் கட்டிக்கொண்டு எருமை கதறியபோது அவளால் பொறுக்க முடியவில்லை. நேரே சபைக்குப் போனாள்.

"சாமி, அது என் பாட்டு!"

சந்தக்களிறு சிரித்தார். "சாணி அள்ளுகிறவளுக்குச் சந்தம் வருமா? நாலு நாளைக்கு முன் நான் இயற்றி, அன்றே இங்கே பாடியது, அரசே. அதற்குமுன் இப்பாட்டு உலகத்திலேயே கிடையாது."

கவி பேசினால் பால்காரி பேச்சு எடுபடுமா? அமைச்சர் அணைந்தபெருமாள்தான் மெல்ல எழுந்தார்.

"அம்மா, இதை யார் கேட்டிருக்கிறார்கள்?"

"சுட்டிதான் சாமி. மூணு ஈத்தா, மூணு கன்னு போட்ட காலமா கேக்குது."

"அப்படியானால் சாட்சியைக் கூப்பிடுவோம்."

எருமை சபைக்குள் வந்தது. மாடத்தியைத் தூண் மறைவில் நிறுத்திவிட்டு, "கவியே, முதலில் உமது பழைய பாட்டு ஒன்று பாடும்" என்றார் அமைச்சர். கவி பாடினார். சுட்டி வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

"இப்போது புதுப்பாட்டு."

"அள்ளி அள்ளித் தாராய்..." என்று இழுத்தாரோ இல்லையோ, காம்பிலிருந்து பால் பீறிட்டு ரத்தினக் கம்பளத்தில் ஓடியது. சுட்டி ஆசையாய்ப் போய்க் கவியின் முகத்தை நக்கிற்று.

"நாலு நாளாய் மாடத்தி பாடவேயில்லை. எருமைக்கு யார் சொல்லிக்கொடுத்தது ஐயா, நீரா?" என்றார் அமைச்சர்.

"அடப்பாவி, எருமைப் பாட்டுக்கா இத்தனை நாள் தலையாட்டினேன்!" ராஜா கவியின் பட்டுப் பொன்னாடையை உருவி மாடத்திக்குப் போர்த்தினார். "இனி இதைப் பாட வேண்டுமானால் அவளைக் கேள். சம்மதித்தால், 'இது மாடத்தி கட்டியது' என்று சொல்லிவிட்டுப் பாடு."

கவி கைகூப்பினார். மாடத்தி யோசித்தாள்.

"பாடட்டும் சாமி. ஆனா சுட்டி பேரை எடுத்துப்புட்டு உங்க பேரைப் போடப்படாது. அது ரோசக்காரி."

ராஜா கம்பளத்தில் தேங்கிக் கிடந்த பாலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நியாயம்தான் தாயே. அதுபோல நான் என்றைக்கு அள்ளித் தந்தேன்?"