அண்ணத்தில் விழுந்த தையல்

அந்தக் காலத்தில், கோழிகூட மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய காலத்தில், நம் மேலண்ணம் ஒரே ஓடாக இருந்தது. பிறக்கும்போது எத்தனை அகலமோ, சாகும்வரை அத்தனைதான். முகம் வளரும், பல் பெரிதாகும், அண்ணம் மட்டும் அசைந்து கொடுக்காது.

சிலம்பாயியின் ஒரே மகள் மயிலாத்தாவுக்கு ஏழெட்டு வயது. பால்பல் விழுந்து முளைத்த பற்கள், சந்தைக்குப் போகிற வண்டியில் ஏறிய சனம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நாக்கை மடக்க இடமில்லை. அதனால் அவளுக்கு 'ழ' வரவில்லை. "அம்மா, பயம் குடு" என்று கை நீட்டுவாள். சிலம்பாயி சிரித்துக்கொண்டே பழத்தை உரித்துக் கொடுப்பாள். பருந்து வரும்வரை நாள்கள் அப்படி இனிப்பாகத்தான் போயின.

கொல்லையில் கோழியின் ஐந்து குஞ்சுகளுக்கும் மயிலாத்தாதான் காவல். ஒருநாள் தலைக்குமேல் நிழல் வட்டமிட்டது. "கோயி! கோயி! ஓடியா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பருந்து ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

களையெடுத்துவிட்டு வந்த சிலம்பாயி கோழியிடம் பாய்ந்தாள். "காது அடைச்சிருந்துச்சா உனக்கு?"

"கோயின்னு வேற யாரையோ கூப்பிடுறான்னு இருந்துட்டேன்" என்று கோழி அழுதது. "என் பேரைச் சொன்னாத்தானே வருவேன்? இன்னும் நாலுதான் மிச்சம், சிலம்பாயி. அவன் ருசி கண்டுட்டான்."

மயிலாத்தா அன்று சோற்றைத் தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் சிலம்பாயி அவளை அத்திமரத்துத் தையல்சிட்டிடம் கூட்டிப்போனாள். இலையோடு இலை தைத்துக் கூடு கட்டுகிற பறவை அது.

சிட்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தது. "வீடு சின்னது, குடித்தனம் பெரிசு. அண்ணத்தை நடுவால பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். வலிக்குமே?"

"வலிக்கட்டும்" என்றாள் மயிலாத்தா.

அலகால் நடுவே ஒரு கீறல் கீறிவிட்டுச் சிட்டு பஞ்சு நூலை எடுத்தது. "இறுக்கித் தைக்கவா?"

"ஐயோ, வேண்டாம்! வளர்ற பிள்ளை. பாவாடையையே நான் மடிப்பு விட்டுத்தான் தைப்பேன். இதையும் இளக்கமாத் தை. வளர வளர விரிச்சுக்கலாம்."

அந்த ஒரு சொல்தான் காரியம் செய்தது. சிட்டு இளக்கித் தைத்தது. மூங்கில் சிம்பு ஒன்றை வில்லாக வளைத்து அண்ணத்துக்குள் மாட்டியது. "தினமும் மயிரிழை அளவு விரிச்சு விடு. முன்பல் நடுவே சந்து விழும். பதறிக் கழட்டிடாதே."

குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, சிலம்பாயி தினமும் சிம்பை விரித்தாள். சொன்னபடியே சந்து விழுந்தது.

"அந்தச் சந்துல என் நாலு பிள்ளையும் வரிசையாப் போகலாம்போல" என்றது கோழி. மயிலாத்தா தேம்பினாள். கழற்றி எறியச் சிலம்பாயிக்கும் கை துறுதுறுத்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றாமல் விட்டுவிட்டாள். அண்ணம் மெல்ல அகன்றது. இடித்துக்கொண்டிருந்த பற்கள் நகர்ந்து உட்கார்ந்தன. சந்தும் மூடியது.

பஞ்சாரத்தைத் தூக்கிய அன்றே நிழல் மறுபடி வந்தது.

"கோழி!" என்று கத்தினாள் மயிலாத்தா.

கோழி பறந்து வந்து சிறகை விரித்தது. நாலும் உள்ளே. பருந்து வெறுங்காலோடு போனது.

சிலம்பாயி ஒரு பழத்தை நீட்டி, "இது என்னடி கண்ணு?" என்றாள். "பழம்" என்றாள் மகள், சுத்தமாக. சிலம்பாயி அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். ஆனாலும் அந்தப் பழைய மழலை இனி இந்த வீட்டில் கேட்காதே என்று நெஞ்சு ஒரு கணம் ஏங்கத்தான் செய்தது.

மயிலாத்தா வளர்ந்து முகம் முற்றியதும் தையல் தானாக இறுகிக்கொண்டது. அன்று முதல்தான் நம் எல்லார் அண்ணத்து நடுவிலும் ஒரு கோடு ஓடுகிறது. நாக்கால் தடவினால் தட்டுப்படும். வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் அது இன்றும் மடிப்பு விட்ட தையல்தான்.