மாணவன், மாணவர்

"ஒரு பொய் எழுதலைம்மா. அப்புறம் ஏன் அந்தப் பொம்பளை அப்படி அழுதா?"

கேட்டவர் கனகசபாபதி. மாவட்ட நாளிதழ் ஒன்றின் நிருபர். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு மறுப்புச் செய்திகூட வாங்கியதில்லை. அந்தப் பெருமையைச் சொல்லாமல் அவர் யாரிடமும் பேச்சை ஆரம்பிப்பதில்லை.

கேட்கப்பட்டவர் தவமணி அம்மா. மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு இருப்பவர். வயது முப்பத்தாறு. ஐம்பத்துமூன்று வயது ஆள் அவரிடம் போய் ஞானம் கேட்கிறாரே என்று ஊர் சிரித்தது. ஊர் எதற்குத்தான் சிரிக்காது?

"யாருங்க அழுதது?" என்றார் அம்மா.

கனகசபாபதி சொன்னார். போன வாரம் அரசுப் பள்ளியில், பதினொன்றாம் வகுப்பில் ஒரு சண்டை. ஒருவன் டிபன் பாக்ஸை எடுத்து இன்னொருவன் நெற்றியில் அடித்துவிட்டான். மூன்று தையல். இவர் அதைச் செய்தியாக்கினார்.

இன்று மூன்று மணிக்குப் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. அடித்தவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று அங்கேதான் முடிவு. கோப்பில் முதல் காகிதமே இவர் எழுதிய செய்திதான்.

காலையில் பையனின் தாய் அந்தப் பேப்பரோடு அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"இதுல பொய்யின்னு ஒண்ணும் இல்லீங்க. ஆனா படிச்சா எம்புள்ளையப் பாக்க எனக்கே பயமா இருக்குன்னா."

தவமணி அம்மா கேட்டார்:

"அதே வாரம் வேற எங்கேயும் சண்டை நடக்கலையா?"

நடந்தது என்றார். ஒரு தனியார் பள்ளியில். அங்கேயும் பதினொன்றாம் வகுப்பு. டிபன் பாக்ஸுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். அதே மூன்று தையல். அதையும் விடாமல் எழுதினேன், பாரபட்சம் என்று என்னை யாரும் விரல் நீட்ட முடியாது என்றார்.

"ரெண்டையும் வாசிங்க."

பையில் இரண்டு செய்திகளும் இருந்தன. முதலில் அரசுப் பள்ளி.

"சக மாணவன் மண்டையை உடைத்த அரசுப் பள்ளி மாணவன். டிபன் பாக்ஸால் ஓங்கி அடித்தான். இவன் அரிசி மண்டித் தெருவில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகன்."

தவமணி அம்மா சம்மணம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது தனியார் பள்ளி.

"பள்ளியில் மாணவர் காயம்."

அம்மா சட்டென்று எழுந்து நின்றார்.

கனகசபாபதி நிமிர்ந்து பார்த்தார். கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே வாசித்தார்.

"நகரின் பிரபல தனியார் பள்ளியில் மாணவர்களிடையே ஏற்பட்ட வாக்குவாதத்தின்போது, தண்ணீர் பாட்டில் பட்டதில் மாணவர் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது."

முடியும்வரை அம்மா கைகட்டி நின்றார்.

"மறுபடி வாசிங்க. முதல்ல இருந்து."

மாணவன் என்று வாசித்தார். அம்மா உட்கார்ந்தார். மாணவர் என்று வாசித்தார். எழுந்து நின்றார்.

"எதுக்கும்மா எந்திரிக்கிறீங்க?"

"பெரிய மனுஷங்க வந்தா எந்திரிக்கணும் இல்லீங்களா?"

"பெரிய மனுஷங்களா? பதினாறு வயசுப் பையன்ம்மா."

"அப்ப முதல்ல வந்தவங்களுக்கு?"

அவனுக்கும் பதினாறுதான்.

கனகசபாபதி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இங்கே அடித்தான், இவன், மகன். அங்கே மாணவர், ஒருவருக்கு. மருந்துக்குக்கூட ஒன்று மாறி விழவில்லை.

இப்படி எழுது என்று முதலாளி சொல்லியிருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிடலாம். யாரும் சொல்லவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது.

கையை மட்டும் சொல்வானேன்? இந்தக் கதையைச் சொல்கிறவனும் மேலே அந்தத் தாயை 'நின்றாள்' என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"அது பத்திரிகை நடைம்மா," என்றார் கனகசபாபதி.

"சரிங்க. ரெண்டாவதுல அடிச்சது யாரு?"

தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். வாக்குவாதம் ஏற்பட்டிருக்கிறது. காயம் ஏற்பட்டிருக்கிறது. பாட்டில் பட்டிருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அடித்தவன் என்று ஒருவனே இல்லை.

"அரசுப் பள்ளிப் பையன் பேரையும் நான் போடலைம்மா. சட்டம் இருக்கு, போடக்கூடாது."

"தெருவைப் போட்டிருக்கீங்க."

அரிசி மண்டித் தெருவில் மூட்டை தூக்குகிறவர் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன்தான். அது கனகசபாபதிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

இருபத்துநாலு வருஷம். மறுப்புச் செய்தி ஏன் வரவில்லை என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. மறுக்கத் தெரிந்தவர்களை அவர் இப்படி எழுதியதே இல்லை.

மணி ஒன்றரை.

"கமிட்டிக்கு ஒரு கடிதாசி எழுதித் தரேன்ம்மா. இப்பவே. அந்தச் செய்தியை வச்சு முடிவெடுக்காதீங்கன்னு எழுதறேன். ரெண்டு பள்ளியிலயும் நடந்தது ஒரே மாதிரிதான், நான்தான் வேற மாதிரி எழுதிட்டேன்னு எழுதறேன்."

அம்மா தாளும் பேனாவும் எடுத்து வைத்தார்.

எழுதினார். 'ஐயா, என் செய்தியில் குறிப்பிடப்பட்ட மாணவன்...'

திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டார். இவ்வளவுக்குப் பிறகும் கை அதையேதான் எழுதியிருந்தது. அவருக்குத் தன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்தச் சொல்லை அடித்தார். 'மாணவர்' என்று எழுதினார்.

"பேரு எழுதலையா? கமிட்டிக்குத்தானே போகுது," என்றார் அம்மா.

பேனா அந்தரத்தில் நின்றது.

தனியார் பள்ளியில் பாட்டிலால் அடித்த பையனின் பெயர் அவருக்குத் தெரியும். ரிஷிகேஷ். வீட்டில் கூப்பிடும் பெயர்கூடத் தெரியும். அது வெளியே வராமல் பொத்திப் பொத்தி எழுதியவரே அவர்தான்.

அரசுப் பள்ளி மாணவருடைய தெருவை விசாரித்திருந்தார். அப்பாவின் தொழிலை விசாரித்திருந்தார். எத்தனை தையல் என்று ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டிருந்தார். பெயரை யாரிடமும் கேட்கவில்லை. காலையில் அந்தத் தாயார் எதிரிலேயே நின்று அழுதார். அப்போதும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா," என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

தவமணி அம்மா தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"மூணு மணிக்குத்தானே கமிட்டி. அவங்கம்மா பள்ளிக்கூட வாசல்ல நின்னுட்டிருப்பாங்க. பேரைக் கேட்டுட்டு எழுதுங்க."